கண்ணாடி முன் நின்ற சீமாட்டி: எலிசபெத் கிரெஃபய்யின் உருவப்படங்கள்

பாரிஸ் நகரின் நாதார் ஒளிப்பட நிலையத்தில் 1896ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட படம் ஒன்று உண்டு. ஆளுயர நிலைக்கண்ணாடியின் முன் ஒரு பெண் நிற்கிறார். காமிராவுக்கு அவர் காட்டுவது முதுகை. முகம் கண்ணாடியின் பக்கம் திரும்பியிருக்கிறது. கறுப்பு வெல்வெட் கவுன் உடம்போடு ஒட்டி இறங்கி, இடுப்புக்குக் கீழே அகன்று, தரையில் புரள்கிறது. அதன் விளிம்பிலிருந்து நீண்ட தண்டுகளோடு வெளிர்நிற லில்லி மலர்கள் மேல்நோக்கி எழுகின்றன. உருவப்படம் எடுத்துக்கொள்ள வந்தவர் முதுகைக் காட்டி நிற்பது அந்தக் காலத்து வழக்கமன்று. படத்துக்குக் காசு கொடுப்பவர் தம் முகத்துக்காகத்தான் கொடுப்பார். இந்தப் பெண்ணுக்கோ முகத்தைக் காட்டித் தம்மை இன்னாரென்று அறிவிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் சீமாட்டி எலிசபெத் கிரெஃபய். எழுத்தைக் கூட்டிப் படித்தால் அந்தக் குடும்பப் பெயர் ‘கிரெஃபுல்’ என்றுதான் வரும். பிரெஞ்சு எழுத்துமுறை அறிந்தவர்களும் இடறுகிற பெயர் அது, உரியவர்கள் உச்சரித்தது கிரெஃபய் என்று.

படத்தை எடுத்தவர் பால் நாதார். ஆனால் நாதார் எடுத்த படம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால் விஷயத்தில் பாதி விட்டுப்போகும். எந்த உடை, என்ன கோலம், எடுத்த படத்தின் படியை யாருக்குக் கொடுப்பது, யார் கேட்டாலும் கொடுக்க மறுப்பது ஆகிய முடிவுகளில் படத்தில் இருப்பவரின் கை ஓங்கியிருந்தது. அந்தக் கடைசி முடிவு, அதாவது படியைக் கொடுக்காமல் இருப்பது, இந்த உருவப்படங்களின் வரலாற்றில் மிகவும் சுவையான பகுதி என்பது என் எண்ணம். ஒரு நாவலாசிரியர் ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் இப்பெண்ணின் ஒளிப்படம் ஒன்றுக்காக ஏங்கினார் என்பதும், அந்த ஏக்கம் அவருடைய நாவலுக்குள்ளேயே இடம்பெற்றது என்பதும் அதோடு சேர்ந்த கதை.

எலிசபெத் 1860ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி பிறந்தார். தந்தை ஷிமே இளவரசர் பட்டத்துக்குரிய கராமான் குடும்பத்தவர். தாய் மோந்தெஸ்கியூ குடும்பத்தவர், நல்ல பியானோக் கலைஞர். வம்சப் பெருமை நிறைய இருந்தது. அதற்கேற்ற பணம் இல்லை. பதினெட்டு வயதில், வங்கித் தொழிலில் செல்வம் திரட்டிய குடும்பத்தின் வாரிசான ஹென்றி கிரெஃபய்யுக்கு அவரை மணம் முடித்துவைத்தார்கள். கணவர் வேட்டையிலும் பிற பெண்களிடமும் காலத்தைக் கழித்தவர், மனைவியிடம் மட்டும் கடுமையான கட்டுப்பாட்டை எதிர்பார்த்தவர். அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தும், அஸ்தோர்க் தெருவில் இருந்த மாளிகையை எலிசபெத் பாரிஸின் முக்கியமான வரவேற்புக்கூடங்களில் ஒன்றாக ஆக்கினார். அவருடைய அழகைப் பற்றி எழுதியவர்கள் பலர் வேலையைப் பற்றி எழுத மறந்துபோனார்கள். ஆகவே அதையும் சொல்லிவிட வேண்டும். 1890இல் அவர் தொடங்கிய இசைச் சங்கம் வாக்னரின் இசைநாடகங்களைப் பாரிஸ் மேடைக்குக் கொண்டுவரப் பாடுபட்டது. தியாகிலெவ் ரஷ்யக் கலைஞர்களை அழைத்துவந்தபோது பின்னால் நின்று நிதி திரட்டியவர்களில் இவரும் ஒருவர். மேரி கியூரியின் ஆய்வுக்கு உதவி தேடியவர். தன் வர்க்கத்தின் பெரும்பகுதி எதிர்த்தரப்பில் நின்றபோது ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸ் குற்றமற்றவர் என்ற பக்கம் நின்றவர். இசையமைப்பாளர் ஃபோரே தமது புகழ்பெற்ற ‘பவான்’ இசைக்கோவையைக் காணிக்கையாக்கியது இவருக்குத்தான்.

பிறர் பார்வையில் படுவதை எலிசபெத் ஒரு கலையாகப் பயின்றார். எல்லாருடைய கண்களும் தன்மேல் படுவதை உணரும் பெண்ணின் மகிழ்ச்சிக்கு உலகில் வேறு எந்த இன்பமும் ஈடாகாது என்ற பொருளில் அவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருக்கிறது. அதற்காக அவர் எங்கும் நெடுநேரம் இருந்து எல்லாருக்கும் காட்சி தந்தவர் அல்லர். விருந்துகளுக்குப் போவார், சற்று நேரம் இருப்பார், கூட்டம் கண் நிறையப் பார்ப்பதற்குள் கிளம்பிவிடுவார். கணவரின் கெடுபிடி அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருடைய சொந்தக் கணக்கு. மறுநாள் செய்தித்தாளின் சமூகப் பத்தியில் அவர் வந்தார் என்பதும், என்ன உடுத்தியிருந்தார் என்பதும் அச்சாகும். படம் அச்சாகாது. நாளிதழ்களில் ஒளிப்படத்தை நேரடியாக அச்சடிக்கும் முறை அப்போது பரவியிருக்கவில்லை.

ஆகவே ஓர் உயர்குடிப் பெண்ணின் ஒளிப்படத்துக்கு 1890களில் என்ன மதிப்பு இருந்தது என்பதை அந்தக் காலத்துச் சந்தையை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். திஸ்தேரி என்ற பாரிஸ் ஒளிப்படக்காரர் 1854இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களைப் பதிந்து, அச்சிட்டு, வெட்டி, ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர் அளவுள்ள அட்டைகளில் ஒட்டுவது அந்த முறை. விலை சரிந்தது, அரசர், அரசி, பாதிரியார், நடிகை என்று எல்லாருடைய முகமும் கடை ஜன்னலுக்கு வந்தது, நடுத்தரக் குடும்பங்கள் கூட ஆல்பம் வாங்கி, தங்கள் பாட்டியின் படத்துக்குப் பக்கத்தில் பேரரசியின் படத்தைச் செருகிவைத்தன. இது ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. கடை ஜன்னலில் விற்பனைக்கு இருக்கும் பெண்முகம் என்றால் அது நடிகையின் முகம், நடனக்காரியின் முகம், அல்லது பணக்கார ஆண்களின் தயவில் வாழ்ந்த பெண்ணின் முகம் என்ற எண்ணம் வேரூன்றியது. எலிசபெத்தின் காலத்திலேயே ஓபரா நடனக் கலைஞர் கிளியோ தெ மெரோதின் முகம் அஞ்சல் அட்டைகளாக நாடு நாடாகப் போனது. யாரும் சில்லறை கொடுத்து அந்த முகத்தை வாங்கிக்கொள்ளலாம். ஒரு சீமாட்டியின் படம் அப்படிப் போய்விடக் கூடாது. அவர் படமெடுத்துக்கொள்வார், நல்ல நிலையத்தில், நல்ல விலை கொடுத்து, பெரிய அளவில் எடுத்துக்கொள்வார். படிகள் உறவினருக்கும் மிக நெருங்கியவர்களுக்கும் மட்டுமே போகும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதில்லை என்பது போக, கேட்பதே அத்துமீறல் என்று கருதப்பட்டது.

இந்த மரபுக்கு ஒரு விபரீதமான முன்னோடி உண்டு. அவரைச் சொல்லாமல் எலிசபெத்தின் படங்களைப் பேச முடியாது. 1837இல் ஃபுளோரன்சில் பிறந்த வர்ஜீனியா ஓல்தோயினி, கஸ்திலியோனே சீமாட்டி என்ற பட்டத்தோடு 1850களின் நடுவில் பாரிஸ் வந்தவர். இத்தாலியை ஒன்றுபடுத்தும் முயற்சிக்குப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆதரவைத் தேடிக்கொண்டிருந்த அமைச்சர் கவூர், உறவுக்காரப் பெண்ணான இவருடைய அழகையும் ஒரு கருவியாகக் கருதினார் என்பது வரலாறு. பேரரசரின் காதலியாக அவர் இருந்த காலம் குறைவு. ஆனால் 1856இல் மேயர் – பியர்சன் நிலையத்துக்குள் நுழைந்தவர், இடைவெளிகள் விட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பியர் லூயி பியர்சனின் காமிரா முன் நின்றார். 400க்கு மேற்பட்ட படங்கள். ராணி வேடம், துறவி வேடம், மாறுவேட விருந்துக்குப் போட்ட சீட்டுக்கட்டு ராணி வேடம், கணவரோடு பிணங்கியபோது கையில் கத்தியோடு ஒரு கோலம். கவுனை உயர்த்தி வெறும் கால்களை மட்டும் எடுக்கவைத்த படங்களும் உண்டு; அக்காலத்தில் அது சாதாரணத் துணிச்சல் அல்ல. எந்தக் கோணம், எந்தத் தலைப்பு, படத்தின் மேல் எந்த நிறம் பூச வேண்டும் என்பதெல்லாம் அவருடைய கட்டளை. 1860களில் எடுத்த ஒரு படத்தில், படச்சட்டத்தின் உள்ளே வைக்கும் நீள்வட்டத் துளையிட்ட அட்டையைத் தம் முகத்தருகே உயர்த்தி, அந்தத் துளை வழியாக ஒற்றைக் கண்ணால் நம்மைப் பார்க்கிறார். படம் பார்க்க வந்தவர்களைப் படம் பார்க்கிறது. இன்று ஒளிப்பட வரலாறு எழுதுகிறவர்கள் கட்டாயம் எடுத்துக்காட்டும் படங்களில் அது ஒன்று.

அவருடைய கடைசிப் படங்கள் 1890களின் நடுவில் எடுக்கப்பட்டவை. முகம் தளர்ந்து, உடல் பெருத்து, பழைய விருந்து உடைகளை மீண்டும் அணிந்து, அதே பியர்சன் முன் அதே தோரணையில் நிற்கிறார். பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நாற்பதாண்டுப் படங்களில் மிகவும் நேர்மையானவை எவை என்று என்னைக் கேட்டால் இவற்றைத்தான் காட்டுவேன்.

கஸ்திலியோனே சீமாட்டி 1899இல் இறந்தார். அவருடைய உடைமைகள் 1901இல் ஏலத்துக்கு வந்தபோது முந்திக்கொண்டு வாங்கிச் சேர்த்தவர் கவிஞர் ரொபேர் தெ மோந்தெஸ்கியூ. ஒளிப்படங்களை மட்டும் 400க்கு மேல் திரட்டி, 1913இல் அவரைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அந்தத் திரட்டின் பெரும்பகுதி இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மோந்தெஸ்கியூ எலிசபெத்தின் தாய்வழி உறவினர். தாயின் ஒன்றுவிட்ட சகோதரர், ஆகவே மாமன் முறை. அவரைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். தன்னையே நூற்றுக்கணக்கான முறை படமெடுக்கவைத்து ஆல்பமாகக் கட்டிவைத்திருந்த மனிதர் அவர்; உருவப்படம் என்பது தன்னைத் தானே படைத்துக்கொள்ளும் வழி என்பதை எலிசபெத்துக்குப் பக்கத்திலிருந்து காட்டியவர். உங்களையும் சூரியனையும் தவிர என்னைப் புரிந்துகொண்டவர் யாருமில்லை என்று எலிசபெத் ஒருமுறை அவரிடம் சொன்னதாகவும், சூரியனுக்கு முன்னால் தன் பெயரைச் சொன்னதில் அவருக்குப் பரம திருப்தி என்றும் ஒரு கதை வழங்குகிறது. லில்லி உடைப் படம் 1896ஐச் சேர்ந்தது, கஸ்திலியோனே ஏலம் 1901இல் நடந்தது என்பதைக் கவனித்தால், ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தார் என்று எளிதாக முடிச்சுப் போட்டுவிட முடியாது. ஒரே உலகத்தில் இரண்டு தலைமுறைப் பெண்கள் ஒரே கருவியைக் கையில் எடுத்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். இருவருக்கும் நடுவே பெரிய வேறுபாடும் இருக்கிறது. கஸ்திலியோனே வேடம் போட்டார். ஒவ்வொரு படத்திலும் வேறொருத்தி ஆனார். எலிசபெத் எந்தப் படத்திலும் எலிசபெத்தாகவே நின்றார். வேடம் தேவைப்படாத அளவுக்கு உடை பேசியது.

அந்த உடையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். வோர்த் நிறுவனத்தில் தைத்தது. நிறுவனர் சார்ல்ஸ் ஃபிரெடரிக் வோர்த் 1895இல் இறந்துவிட்டதால் அப்போது மகன்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் வெட்டுத் தையல் இல்லாமல் தோளிலிருந்து விளிம்பு வரை ஒரே வீச்சில் இறங்கும் வெட்டு. கறுப்பு வெல்வெட்டில் தந்தநிற சாட்டின் துணியால் லில்லி மலர்கள்; அவற்றைச் சுற்றி மணிகளும் உலோகச் சரிகையும் சேர்த்த எம்பிராய்டரி. தோளைச் சுற்றி ஒரு பெரிய கழுத்துமடிப்பு. அதை விரித்தால் வௌவாலின் சிறகு போல ஆகும். லில்லியும் வௌவாலும் தற்செயலாக வந்து சேர்ந்தவை அல்ல. மோந்தெஸ்கியூ தமது கவிதை ஒன்றில் எலிசபெத்தைக் கறுத்த சூலகத் தண்டுகளால் பார்க்கும் லில்லியாக உருவகித்திருந்தார். கறுத்த தண்டுகள் என்றது அவருடைய கருவிழிகளை. வௌவாலோ மோந்தெஸ்கியூவின் சொந்தச் சின்னம், அவருடைய முதல் கவிதைத் தொகுப்பின் பெயரே அதுதான். ஆக, ஒரு கவிதைக்குப் பதில் கவிதையை எலிசபெத் துணியில் எழுதி அணிந்துகொண்டார். இது தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும் பேச்சு.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இதைத் தையல்காரர்களை விட ஒளிப்படக்காரர்களே உடனே கவனிப்பார்கள். அந்தக் காலத்துச் சாதாரணக் கண்ணாடித் தகடுகளுக்கு எல்லா நிறமும் சமமாகத் தெரியாது. நீல ஒளி மிக எளிதில் பதியும். சிவப்பு ஏறக்குறையப் பதியவே பதியாது. அதனால் வானநீல உடை படத்தில் வெளுத்துப்போகும், சிவப்பு உடை கறுத்துப்போகும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நுட்பமான நிறங்கள் எந்தச் சாம்பலாக மாறும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். கறுப்பு வெல்வெட்டும் தந்தநிற சாட்டினும் இந்தக் குழப்பத்துக்கு ஆளாவதில்லை. வெல்வெட்டின் நுண்ணிய மயிர்கள் ஒளியை விழுங்கிவிடும்; சாட்டினின் வழவழப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். கண்ணால் பார்க்கும்போது எந்த அளவு முரண் இருக்கிறதோ, அதே அளவோ அதற்கு மேலோ தகட்டிலும் வந்துசேரும். படமெடுப்பதை மனத்தில் வைத்துத்தான் அந்த உடையைத் தைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எலிசபெத்தின் எத்தனையோ உடைகளில் இந்த ஒன்று மட்டும் படமாக உலகப்புகழ் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

படமெடுத்த இடம் அஞ்ஷூ தெருவில் இருந்தது. தந்தை ஃபெலிக்ஸ் நாதார் பலூனில் ஏறிப் படமெடுத்தவர், பாரிஸின் நிலவறைகளில் மின்விளக்கு வைத்துப் படமெடுத்தவர், நடிகை சாரா பெர்னாரையும் கவிஞர் போதலேரையும் எடுத்தவர். தந்தையின் உருவப்படங்களில் பின்னணி வெறுமையாக இருக்கும். முகமும் கையும்தான் எல்லாம். மகன் பால் 1880களில் நிலையத்தை ஏற்று நடத்தத் தொடங்கியபோது திரைச்சீலையும் நாற்காலியும் கண்ணாடியும் அலங்காரமும் உள்ளே வந்தன. விமரிசகர்கள் மகனைத் தந்தையை விடக் குறைத்தே மதிப்பிடுவார்கள். கலைஞனாகப் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். ஆனால் அவரைத் தேடி வந்தவர்கள் கவிஞர்களும் புரட்சிக்காரர்களும் அல்லர், விருந்துக்குப் போகும் வழியில் முழு அலங்காரத்தோடு நிற்க விரும்பிய பெண்கள். அவர்களுக்கு உடையின் கடைசி மடிப்பு வரை படத்தில் தெரிய வேண்டும். முழு உருவத்தையும் நிற்கவைத்து, பக்கவாட்டு ஒளியில் துணியின் தன்மையை வாங்கத் தெரிந்தவர் பால்.

இத்தகைய நிலையத்தில் வேலை எப்படி நடக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். கூரையின் ஒரு பக்கம் கண்ணாடி. வெயில் நேரே விழாத வடதிசை ஒளியை விரும்புவார்கள். திரைகளை இழுத்தும் விலக்கியும் ஒளியைச் சீர்செய்வார்கள். 1880களுக்குப் பின் தயார்நிலையில் கிடைத்த ஜெலட்டின் உலர்தகடுகளால், முன்போலப் பல விநாடிகள் கழுத்தைத் தாங்கியில் பொருத்திக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அதனால் முதுகு காட்டித் தலையை மட்டும் திருப்பும் கோலங்கள் எளிதாயின. படம் எடுத்தபின் உண்மையான தேய்ப்பு வேலை தொடங்கும். கழுவிய தகட்டைச் சாய்வு மேசையில் வைத்து, பின்னாலிருந்து ஒளி விழச் செய்து, கூர்மையான பென்சிலால் கண்ணின் கீழ்ச் சுருக்கத்தை நிரப்புவார்கள். நுண்ணிய கத்தியால் இடையின் ஓரத்தைச் சுரண்டி மெலிய வைப்பார்கள். தகட்டில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும், கத்தி சுரண்டிய இடம் அச்சில் கறுக்கும். பின்னணி இருண்டதாக இருந்தால் இடையின் ஓரம் அதில் கரைந்து காணாமல் போகும். இன்று ஆப்பில் விரலால் தேய்த்துச் செய்வதை அன்று பெரும்பாலும் சம்பளத்துக்கு அமர்த்திய பெண்கள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு செய்தார்கள். அந்தப் படங்களில் நாம் பார்க்கும் நம்பமுடியாத இடைகளுக்குக் கச்சை பாதிக் காரணம், கத்தி மீதிக் காரணம்.

எலிசபெத் போன இன்னொரு நிலையம் ஓட்டோவினுடையது. ஸ்வீடனில் பிறந்து பாரிஸில் குடியேறிய ஓட்டோ வெகெனர், மதலேன் தேவாலயத்துக்கு எதிரே சதுக்கத்தில் கடை வைத்திருந்தார். 1899 அளவில் அவர் எடுத்த ஒரு படத்தில் இரண்டு எலிசபெத்கள் இருக்கிறார்கள்: இருவரும் அவரே, ஒருவரோடொருவர் நெருங்கி நிற்கிறார்கள். இருண்ட பின்னணி முன் ஒரு பாதியை மறைத்து ஒருமுறையும், மறுபாதியை மறைத்து இன்னொரு முறையும் ஒரே தகட்டில் பதிவது அக்காலத்து வித்தைகளில் ஒன்று. இரண்டு தகடுகளை இணைத்து அச்சிடுவது இன்னொன்று. அதை விளையாட்டு என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் நாதாரின் கண்ணாடிப் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே எண்ணம் இரண்டு விதமாக வருவது தெரியும். கண்ணாடியில் தம்மைப் பார்க்கும் பெண், தம்மோடு தாமே நிற்கும் பெண். பார்வையாளருக்கு அந்தப் படங்களுக்குள் இடமில்லை. வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம்.

வரைபடத்தை எடுத்து இந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அஸ்தோர்க் தெரு மாளிகை, அஞ்ஷூ தெரு நாதார் நிலையம், மதலேன் சதுக்கத்து ஓட்டோ நிலையம், பே தெருவில் வோர்த் கடை எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தன. அதே வட்டாரத்தில், மால்ஷெர்ப் பெருஞ்சாலை 9ஆம் எண் வீட்டில், ஒரு மருத்துவரின் மகன் வளர்ந்துகொண்டிருந்தான். பெயர் மார்செல் புரூஸ்த். தொடக்கத்தில் சொன்ன நாவலாசிரியர் இவர்தான்.

புரூஸ்த் 1893ஆம் ஆண்டு ஜூலை தொடக்கத்தில் வக்ராம் இளவரசியின் வீட்டு விருந்தில் எலிசபெத்தைக் கண்டார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது நிறையவில்லை. உடனே மோந்தெஸ்கியூவுக்குக் கடிதம் எழுதினார். கூந்தலில் பாலினீசியச் சாயலில் ஓர் அலங்காரம், பிடரி வரை தொங்கிய இளம் ஊதா ஆர்க்கிட் மலர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கண்களின் புதிர்; இத்தனை அழகிய பெண்ணை நான் கண்டதேயில்லை என்றார். மறு ஆண்டு மே மாதம் மோந்தெஸ்கியூ வெர்சாயில் நடத்திய விழாவைப் பற்றி ‘கொலுவா’ நாளிதழில் எழுதியபோதும் எலிசபெத்தின் உடையை வரிவரியாக வருணித்தார்: ஆர்க்கிட் மலர்கள் சிதறிய இளஞ்சிவப்பு சாயல் கொண்ட ஊதாப் பட்டு, அதன்மேல் அதே நிற மஸ்லின், தொப்பியிலும் ஆர்க்கிட். இந்த ஊதாவைத்தான் தகட்டால் பிடிக்க முடியாது. புரூஸ்த்தின் நினைவில் இருந்த எலிசபெத் நிறங்களால் ஆனவர். நாதாரின் தகட்டில் இருந்தவர் கறுப்பு வெள்ளையால் ஆனவர். ஆனாலும் புரூஸ்த்துக்குத் தகடு வேண்டியிருந்தது.

நண்பர்களிடமிருந்து ஒளிப்படம் கேட்டு வாங்குவது அவருக்குப் பழக்கம், ஏறத்தாழ நோய். வீட்டுக்கு வருபவர்களிடம் படங்களை எடுத்துப் பரப்பிக் காட்டுவார். எலிசபெத்தின் படத்துக்காக மோந்தெஸ்கியூவை நச்சரித்தார், கிடைக்கவில்லை. அரை நூற்றாண்டு கடந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின், புரூஸ்த்தின் கடிதங்களைத் தேடி வந்த அமெரிக்க எழுத்தாளர் மீனா கர்டிசிடம் முதியவரான எலிசபெத் இதைச் சலிப்போடு நினைவுகூர்ந்தார். அந்த மனிதரின் பிசுபிசுப்பான புகழ்ச்சி தமக்குப் பிடிக்கவில்லை, போதாததற்குப் படம் கேட்டு ரொபேரை நச்சரித்தார், அக்காலத்தில் ஒளிப்படம் என்பது அந்தரங்கமான பொருள், வெளியாட்களுக்குக் கொடுக்கமாட்டோம் என்றார். ‘வெளியாள்’ என்ற அந்தச் சொல்லில் உறைக்கும் உறைப்பைக் கவனிக்க வேண்டும். அஸ்தோர்க் தெரு மாளிகைக்கு விருந்தாளியாக வந்துபோனாலும், நூற்றாண்டின் பெரிய நாவலை எழுதி முடித்தாலும், மருத்துவர் மகன் வெளியாள்தான்.

புரூஸ்த் விட்டுவிடவில்லை. எலிசபெத்தின் ஒரே மகள் எலேன் 1904இல் கிஷ் கோமகனை மணந்திருந்தார். அந்த மருமகன் புரூஸ்த்தின் நண்பர். 1920இல், சாவதற்கு இரண்டே ஆண்டு இருக்கும்போது, அவர் வழியாக இன்னொரு முறை கேட்டுப்பார்த்தார். ஒளிப்படம் பெண்ணின் அழகை அசையாமல் நிறுத்திவிடும் என்று காரணம் காட்டி உங்கள் மாமியார் முன்பு மறுத்தார், அது பொருந்தாத காரணம். ஒளிவீசும் ஒரு கணத்தை அசையாமல் நிறுத்துவது, அதாவது நிலைக்கச் செய்வது, அழகான காரியம் அல்லவா என்று வாதிட்டார். போகிற போக்கில், மோந்தெஸ்கியூவின் வீட்டில் தாம் பார்த்த எலிசபெத்தின் படம் ஒன்று அவ்வளவு அழகாக இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். கெஞ்சலும் குத்தலும் ஒரே கடிதத்தில். இருவரும் காமிராவைப் பற்றி எதிரெதிரான கொள்கை வைத்திருந்தார்கள் என்பதும் இதில் தெரிகிறது: அசைவில்தான் அழகு என்றார் படத்தில் இருந்தவர், அசையாமையில்தான் நினைவு என்றார் படத்தைக் கேட்டவர். வாழ்நாளெல்லாம் வந்து, நின்று, நகர்ந்து தம்மைக் காட்டிய ஒருவருக்கு முதல் கொள்கை இயல்பானது.

புரூஸ்த்தின் ‘இழந்த காலத்தைத் தேடி’ நாவலில் கெர்மாந்த் கோமகளும் கெர்மாந்த் இளவரசியும் பல பெண்களின் கலவை. அந்தக் கலவையில் எலிசபெத்தின் பங்கு கணிசமானது. நாவலின் கதைசொல்லி, படைமுகாம் ஊரில் இருக்கும் நண்பன் சேன்-லூவின் அறையில் அவனுடைய அத்தை கெர்மாந்த் கோமகளின் ஒளிப்படத்தைப் பார்க்கிறான். தனக்குத் தரமாட்டாயா என்று தவிப்போடு கேட்கிறான். அவரிடம் அனுமதி கேட்காமல் தர முடியாது என்று சேன்-லூ மறுத்துவிடுகிறான். படம் கிடைத்திருந்தால் இந்தக் காட்சி இருந்திருக்குமா? கிடைக்காத படத்தின் முன் ஒரு மனம் என்ன பாடுபடும் என்பதை எழுத அவருக்குக் கற்பனை அதிகம் தேவைப்பட்டிருக்காது.

ஓவியர்கள் விஷயத்தில் எலிசபெத் இவ்வளவு கறாராக இல்லை. பால் எல்லு 1891இல் கிரெஃபய் குடும்பத்தின் கிராமத்து மாளிகையான புவா-பூத்ரானில் தங்கி அவரை நூறு அளவில் விரைவுக் கோடுகளாக வரைந்தார். பின்னாளில் லாஸ்லோ எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஓவியம் ஒன்றே ஒன்று, சுவரில் மாட்டுவது, பார்க்க வேண்டுமானால் அந்த வீட்டுக்குள் அழைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒளிப்படத்தின் ஆபத்து படியெடுக்க முடிவதில் இருந்தது.

அந்த ஆபத்து விரைவிலேயே இயல்பாகியும் போனது. 1901இல் தொடங்கிய ‘லே மோத்’ இதழ், நடிகைகளையும் சீமாட்டிகளையும் ஒரே பக்க வரிசையில், நாதார், ஓட்டோ, ராய்ட்லிங்கர் போன்ற நிலையங்களின் ஒளிப்படங்களோடு பளபளப்பான தாளில் அச்சிட்டது. கடை ஜன்னலுக்குப் போகக் கூசிய வர்க்கம் இதழ்ப் பக்கத்துக்குப் போகத் தயங்கவில்லை. 1904 நவம்பரில் மகளின் திருமணத்துக்கு எலிசபெத் மதலேன் தேவாலயத்துக்கு வந்தபோது, தங்கச் சரிகையும் முத்தும் மென்மயிர் விளிம்பும் கொண்ட, பைசாந்தியப் பேரரசியின் சாயலில் வோர்த் தைத்த உடையில் வந்தார். கூட்டம் மணமகளை விட்டுவிட்டு மணமகளின் தாயைப் பார்த்தது என்றே அந்த நாளைப் பற்றி எழுதிய எல்லாரும் சொல்கிறார்கள். மகளின் நிலையிலிருந்து யோசித்தால் சற்று இரக்கமாகத்தான் இருக்கிறது.

எலிசபெத் 1952இல் லொசானில், தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் பிரெஞ்சு அரசு நாதார் நிலையத்தின் சேகரிப்பைப் பால் நாதாரின் மனைவியிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தது. பல லட்சம் கண்ணாடித் தகடுகள். உடைகளை வாரிசுகள் பாரிஸின் கல்லியரா ஆடை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். 2015 நவம்பர் முதல் 2016 மார்ச் வரை அங்கே நடந்த கண்காட்சியிலும், அதைத் தொடர்ந்து நியூயார்க்கிலும் லில்லி உடையும் அதன் ஒளிப்படமும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டன. துணி அருங்காட்சியகங்களில் பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் அனுமதிக்கும் ஒளி பொதுவாக 50 லக்ஸ், மங்கிய விளக்கு வைத்த ஓர் அறை அளவு. அதுவும் சில மாதங்களுக்குத்தான். அதற்குமேல் வைத்தால் சாயம் மங்கும், இழை நொறுங்கும். காட்சி முடிந்ததும் உடை மீண்டும் இருட்டான பெட்டிக்குத் திரும்பிவிடும். அடுத்த முறை அது வெளியே வரும்வரை, கறுப்பு வெல்வெட்டில் எழும் அந்த லில்லிகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நாதாரின் நிலைக்கண்ணாடி முன் நிற்கும் முதுகுதான் இருக்கிறது.